மானுக்கு ஏது பக்கிள்

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒருவன் என்னை நம்பிச் சொன்னது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்குக் கொடுத்தது அவன் மொழியில், எழுதுவது என் மொழியில். இந்த ஊரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே வாக்குத் தவறவில்லை என்று ஒரு வக்கீல் வாதாடலாம். அந்த வக்கீலை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் தொழில் கான்வாஸ் தைப்பது. கூடாரம், படகு மூடும் துணி, முதுகுப்பை. பத்தொன்பது வருடமாக இங்கே என் பெயர் 'தையல்'. அப்பா வைத்த பெயரைச் சொல்ல இவர்களுக்கு நாக்கு வளையாது. மார்ச் கடைசி வாரத்தில் என் பட்டறையில் கால் வைக்க இடமிருக்காது. வார் அறுந்த பை, பட்டை கிழிந்த பை, போன வருட ரத்தம் காய்ந்த பை. ஏனென்றால் அடுத்தது உறுமல் மாதம், மான் வேட்டைக் காலம்.

பயந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். கதைக்குச் சுவை கூட்டச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள்.

2

தொடக்கம் அ: மலைச்சரிவில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ராஸ் மூச்சைப் பிடித்தபடி

[நிறுத்திவிட்டேன். மூடுபனி இறங்கினால் எவனோ சாகப்போகிறான் என்று நீங்கள் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். எனக்கே அது இன்னும் தெரியாது.]

தொடக்கம் ஆ: முதலில் கொம்புகள் தெரிந்தன.

[நல்ல வாக்கியம்தான். ஆனால் அது கதையின் வயிறு, தலை இல்லை. எடுத்து வைத்திருக்கிறேன், பிறகு வரும்.]

தொடக்கம் இ: மனிதன் எதற்காகச் சுமக்கிறான் என்று யோசித்தால்

[சீ.]

3

கடையில் தொடங்குகிறேன்.

மார்லீனின் வேட்டைக் கடையில் முதுகுப்பையைப் பார்த்து வாங்க முடியாது, சுமந்துதான் வாங்க வேண்டும். அவள் மணல் மூட்டைகள் வைத்திருக்கிறாள். முதுகோடு ஒட்டும் பிரேமுக்கும் பைக்கும் நடுவே, கறி வைத்துக் கட்டுகிற இடத்தில், நாற்பது கிலோவை இறுக்கிக் கட்டி, கிடங்கின் படிக்கட்டில் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்வாள். தோள் வாருக்கு அடியில் அவள் விரல் நுழைந்தால் பை பொருத்தம். பாரம் இடுப்பில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். நுழையாவிட்டால் அடுத்த பை. ஆளின் உயரத்தை அவள் கேட்கவே மாட்டாள். முதுகின் நீளம்தான் கணக்கு.

ராஸ் பாஸ்கோ அன்றைக்கு அங்கே வந்தது தனக்கு வாங்க அல்ல. பால் லாரி ஓட்டுகிறவன், நாற்பத்தேழு வயது, பேச்சு குறைவு. மனைவி ரேவினின் தம்பி டாரிலுக்குத் துணையாக வந்திருந்தான். டாரில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பேசுகிறவன்.

படியேறி இறங்கிக் கடைசியில் இரண்டு பைகள் மிஞ்சின. இரண்டிலும் பிரேம் முதல் தரம், இரண்டிலும் மார்லீனின் விரல் நுழைந்தது. ஒன்று ஆரஞ்சு நிறம். அதன் இடுப்புப் பட்டையில் தடித்த பிளாஸ்டிக் பக்கிள், போட்டால் டக்கென்று கடைமுழுக்கக் கேட்கும். மற்றது பழுப்பு. கம்பளி மாதிரித் துணி, கிளையில் உரசினாலும் சரசரக்காது. பக்கிளுக்குப் பதில் ரப்பர் பூசிய கொக்கி. மாட்டினால் மாட்டியவனுக்கே கேட்காது.

ஆரஞ்சை எடு என்றான் ராஸ். ரோடு போடுகிற ஆள் மாதிரி இருக்கும் என்றான் டாரில். மானுக்கு ஆரஞ்சு கண்ணுக்குத் தெரியாது, அது உனக்கும் தெரியும் என்றான் ராஸ்.

"கண்ணு தெரியாது மச்சான், காது இருக்குல்ல? போன வருஷம் என்ன ஆச்சு?"

பிறகு அதே கதையை மார்லீனிடம் சொல்லத் தொடங்கினான். ஊரில் எல்லோரும் கேட்ட கதை. போன உறுமலில், மக்கின்லி ஓடைக்கு மேலே, ஒரு பெரிய கலைமான் நாற்பது நிமிடம் இவனுக்குப் பதில் உறுமியது. தண்ணீர்த் தொட்டி காலியாகிற மாதிரிக் குரல். கிட்டக் கிட்ட வந்தது. இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். அப்போது இவன் இடுப்புப் பட்டையை மாட்டினான். டக். குரல் அறுந்துபோயிற்று. அப்புறம் அது வாயே திறக்கவில்லை.

"அந்த ஒரு சத்தம், மார்லீன். அந்தச் சத்தம் மட்டும் வராம இருந்திருந்தா..."

அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் ஆரஞ்சுப் பையின் பக்கிளைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தான். டக். டக். டக்.

"அதை நிறுத்துடா சாமி," என்றாள் மார்லீன்.

டாரில் பழுப்பை வாங்கினான். இந்த வருடம் அந்தப் பெரியவனைச் சுட்டு, தலையோடு சுமந்து வருவேன் என்றான். ராஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

4

[இங்கே ஒரு அடிக்குறிப்பு. இவர்கள் ஒருவரையொருவர் 'மேட்' என்று கூப்பிடுவார்கள். உயிர் நண்பனும் மேட், சண்டைக்கு வந்தவனும் மேட். நான் அதை மச்சான் என்று எழுதுகிறேன். இந்த இருவருக்கும் உறவுமுறையும் அதுவே. அக்காள் புருஷனும் மனைவியின் தம்பியும். தமிழ் இந்த ஒரு இடத்தில் அவர்கள் மொழியைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷமில்லை. 'சுடப்பட்டவர் சுட்டவரின் மேட்' என்பது வெறும் செய்தி. 'மச்சான்' என்று போட்டால் ஒரு வீடு தெரிகிறது, அதில் ரேவின் நிற்கிறாள்.]

[செய்தி ஒன்றும் வரவில்லை. மேலே உள்ளது உதாரணம் மட்டும்.]

5

முதலில் கொம்புகள் தெரிந்தன.

அதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உறுமல் மாதத்தில் ஆண் மானுக்குப் பெண் மானைத் தவிர வேறு நினைப்பில்லை. இன்னொரு ஆண் உறுமினால் சண்டைக்கு ஓடிவரும். ஆகவே வேட்டைக்காரன் மான்போல உறுமுவான். சிலர் மாட்டுக் கொம்பில், பலர் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பழைய குழாயில் ஒரு துண்டு வெட்டி. வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து. நன்றாக உறுமத் தெரிந்தவனுக்கு ஊரில் மரியாதை. ராஸ் ஊரிலேயே நன்றாக உறுமுகிறவன். வாய் பேசாதவன் குழாயில் அத்தனையும் பேசிவிடுவான்.

போன வருடம் அன்றைக்கு, மக்கின்லி ஓடைக்கு வடக்கே ராஸ், தெற்கே டாரில் என்று பிரித்துக்கொண்டார்கள். பிரிந்த பிறகு ஓடையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். டாரில் காலையிலேயே ஒரு மானைச் சுட்டுவிட்டான். கறியை எலும்பிலிருந்து அறுத்துப் பிரேமில் கட்டி, மேலே தலையை வைத்துக் கட்டினான். கொம்பு அவன் தலைக்கு மேலே விரிந்து நின்றது. அப்படிச் சுமந்து வருகிறபோது கொம்பில் ஆரஞ்சுத் துணி கட்ட வேண்டும் என்பதும் சட்டம். வியர்த்தது என்று ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்திருந்தான். கால் மணி நேரத்தில் அவர்கள் தங்கிய குடில் வந்துவிடும், எவன் இருக்கப்போகிறான். தெற்குக் கரை வழுக்கலாக இருந்ததால் ஓடையைத் தாண்டி வடக்கே ஏறினான்.

அப்போது மேலே ஒரு கலைமான் உறுமியது. ராஸ்தான்.

டாரிலுக்கு ஆசை விடவில்லை. பாரத்தோடு நின்று, குழாயை எடுத்துப் பதில் உறுமினான். அதைக் கேட்டு ராஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்ன குரல். அவன் திரும்ப உறுமினான். இப்படி நாற்பது நிமிடம் இரண்டு மச்சான்களும் ஒருவரை ஒருவர் மான் என்று நம்பி, சண்டைக்கு அழைத்து, அடிமேல் அடி வைத்து நெருங்கினார்கள்.

[முதல் தடவை கேட்டபோது சிரித்துவிட்டேன். ராஸ் சிரிக்கவில்லை.]

முதலில் கொம்புகள் தெரிந்தன. பன்னிரண்டு கிளை. முப்பது கஜத்தில், பெரணிச் செடிகளுக்கு மேலே, மெதுவாக அசைந்து வந்தன. கீழே பழுப்பு. ராஸ் துப்பாக்கியைத் தோளில் வைத்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தான். சேஃப்டியை விலக்கினான். அரண்டவன் கண்ணுக்குத்தான் இருண்டதெல்லாம் பேயா? ஆசைப்பட்டவன் கண்ணுக்குப் பழுப்பெல்லாம் மான். பின்னாலே என்னிடம் சொன்னான், எனக்குக் கழுத்து தெரிஞ்சுது, மயிர் தெரிஞ்சுது, காது ஆடினது தெரிஞ்சுது என்று. இல்லாத காது.

கொம்பு தாழ்ந்தது. மேய்கிறது என்று நினைத்தான். டாரில் பாரத்தை ஒரு மரத்தின்மேல் சாய்த்து இடுப்புப் பட்டையைத் தளர்த்தியிருக்கிறான். கொம்பு எழுந்தது. ராஸின் விரல் விசையில் பாதித் தூரம் போய்விட்டது.

டக்.

மானுக்கு ஏது பக்கிள்?

அந்த எண்ணம் தலையில் வந்ததா விரலில் வந்ததா என்று அவனுக்குத் தெரியாது. துப்பாக்கியைத் தாழ்த்தினான். தோட்டாவை எடுத்தான், அது சேற்றில் விழுந்தது. உறுமல் குழாயை அங்கேயே எறிந்தான். சுற்றுவழியாக நடந்து, ஒரு மணி நேரம் கழித்துக் குடிலுக்குப் போனான். டாரில் அங்கே அடுப்பில் ஈரல் வறுத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், என்ன ஒரு குரல் தெரியுமா? உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லையே," என்றான் ராஸ்.

6

இந்த 'இல்லையே'யில்தான் என் கதை மாட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்பதையே நானும் கேட்டேன். சொன்னால் என்ன? உன்மேல் மட்டுமா தப்பு? அவன் ஓடையைத் தாண்டினான், ஆரஞ்சைக் கழற்றினான்.

ராஸ் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

"அவன் பண்ணது முட்டாள்தனம். நான் பண்ணது அப்படி இல்ல, தையல். என்னன்னு தெரியாம ஸ்கோப்பில கண்ணை வைக்கக்கூடாது. எங்கப்பா எனக்கு முதல்ல சொன்னது அதுதான்."

இந்த ஊரில் அப்படிச் செய்தவனை யாரும் திட்டமாட்டார்கள். அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான். பாரில் அவன் வந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள். ரேவின் என்ன செய்வாள் என்பதை ராஸ் சொல்லவில்லை. ஒவ்வொரு உறுமலுக்கும் கிளம்பும்போது அவள் டாரிலிடம் ஒன்றும் சொல்லமாட்டாளாம். புருஷனின் காலரைச் சரிசெய்துவிட்டு, என் தம்பியைக் கூட்டிட்டு வா என்பாளாம்.

ஒரு வருடமாக டாரில் வீட்டு விருந்துகளில் அந்தப் பெரிய கலைமான்போல உறுமிக் காட்டுகிறான். எல்லோரும் கை தட்டுகிறார்கள். ராஸும் தட்டுகிறான். ராஸின் குரலையே ராஸுக்குக் காட்டுகிறான் டாரில். இப்போது அதைச் சுடத்தான் டாரில் போகிறான். இல்லாத மானைத் தேடி, இருக்கிற பள்ளத்தாக்குக்கு, சத்தமில்லாத பழுப்புப் பையோடு. முழங்கால் வலி என்று ராஸ் ஒதுங்கிவிட்டான். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் நாலு வேட்டைக் கூட்டம் இருக்கும். ஒவ்வொருவன் கையிலும் ஒரு குழாய் இருக்கும்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இங்கே கனம் ஒருவன் முதுகில், பயம் இன்னொருவன் வழியில்.

[இந்த வாக்கியம் கொஞ்சம் ஜோடனையாக இருக்கிறது. இருக்கட்டும், பயத்தில் எழுதும்போது இப்படித்தான் வருகிறது.]

7

இனி என் பங்கு. இதைத் தவிர்த்துவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன்.

போன திங்கட்கிழமை ராஸ் அந்தப் பழுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். தோள் வாரில் தையல் விட்டிருக்கிறது, சரிபண்ணித் தருகிறேன் என்று டாரிலிடம் பொய் சொல்லி வாங்கி வந்திருக்கிறான். வாரில் ஒரு குறையும் இல்லை. ரப்பர் கொக்கியை அறுத்து எடு, பழைய மாதிரிப் பக்கிள் வைத்துத் தை என்றான். ஏன் என்றேன். அப்போதுதான் மேலே நீங்கள் வாசித்தது எல்லாம் வந்தது. சொல்லி முடித்துவிட்டு என் வெட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெரிய உடம்புக்காரன், மேஜை ஆடியது.

என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய பக்கிள்கள் இருக்கின்றன. ராஸ் அதைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துப் போட்டுப் பார்த்தான். முப்பது பக்கிளாவது இருக்கும். கடைசியில் உரத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். மார்லீன் கடையில் டாரில் பை தேர்ந்தெடுத்ததைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

நான் தைத்துக் கொடுத்தேன். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது. பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முடிவு கையிலிருக்கிறது என்ற தைரியம்.

8

முடிவு ஒன்று: டாரில் மாற்றத்தைக் கவனிக்கவில்லை. மான் கிடைக்கிறது, சுமக்கிறான். எங்கோ ஒருவன் ஸ்கோப்பில் கண்ணை வைக்கிறான். டக். எல்லோரும் வீடு திரும்புகிறார்கள்.
[சொந்தப் பையை டாரில் கவனிக்கமாட்டானா? இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை.]

முடிவு இரண்டு: விருந்தில் டாரில் உறுமிக் காட்டுகிறான். ராஸ் எழுந்து, குழாயை வாங்கி, அந்தக் குரலில் திரும்ப உறுமுகிறான். நாற்பது நிமிடம் கேட்ட அதே குரல். டாரிலின் முகம் மெல்ல
[இதுதான் எனக்குப் பிடித்தது. ராஸிடம் சொல்லியும் பார்த்தேன். என் கண்ணைப் பார்க்காமல், லாரியில் பால் இருக்கு, கெட்டுப்போயிரும் என்று கிளம்பிவிட்டான்.]

முடிவு மூன்று:
[எழுதவில்லை. எழுதினால் நடந்துவிடுமோ என்று பயம். சிரிக்காதீர்கள்.]

9

எட்டாவது பகுதியை எழுதிவிட்டுப் பேனாவை மூடவில்லை, டாரில் வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. பையை என் மேஜைமேல் போட்டான். பக்கிளை மாட்டினான்.

டக்.

"தையல், இது யார் செஞ்ச வேலை?"

ராஸ் கேட்டான், தைத்தேன் என்றேன். அது பொய்யில்லை.

"அவனுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு. முழங்கால் வலிங்கறான், பக்கிளை மாத்தறான். பழைய கொக்கியை வச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"

தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். ஆனால் பத்தொன்பது வருடத்தில் வாடிக்கையாளரின் பொருள் ஒன்றையும் நான் தூக்கிப் போட்டதில்லை, வாய் தன் பாட்டுக்கு 'வச்சிருக்கேன்' என்றது.

நாளைக்கு விடிவதற்குள் கிளம்புகிறேன், இப்போதே போட்டுக் கொடு என்று ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். நான் பிரித்துக்கொண்டிருக்கும்போது இயந்திரத்தின் பக்கத்திலிருந்த இந்தத் தாள்களைப் பார்த்தான். கோழி கிளறினமாதிரி இருக்கே, என்ன இது என்றான். கதை என்றேன். எங்கே வாசி, உங்க பாஷை எப்படி இருக்கும்னு கேட்போம் என்றான்.

வாசித்தேன். ஏன் வாசித்தேன் என்று கேட்காதீர்கள். ஐந்தாவது பகுதி. ஓடை, வழுக்கல், கழற்றிய ஆரஞ்சுச் சட்டை, நாற்பது நிமிடம், பன்னிரண்டு கிளை. ஒரு வருடமாக இந்த ஊரில் யாரும் அவனிடம் சொல்லாததை எல்லாம் அவன் முகத்துக்கு நேரே உரக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பவன்போலத் தலையாட்டினான். ஊமை கண்ட கனவு என்பார்கள். வாயிருந்தும் நான் அப்படித்தான் நின்றேன். விசையில் விரல் போகிற இடத்தில் கண்ணைத் திறந்தான்.

"இரு. அது என் பேரு. ராஸ் பேரும் வந்துச்சு."

"ஆமா."

"எங்களைப் பத்தியா எழுதற? அந்தப் பெரியவனை நான் சுட்டுடறேனா?"

"முடிவு இன்னும் எழுதல."

"நல்லா எழுது மச்சான். பன்னெண்டு கிளைக்குக் குறைச்சு வச்சிராத."

முதல் தடவையாக அவன் என்னை மச்சான் என்றான். அதாவது மேட் என்றான். அவர்கள் எல்லோரையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நானே நாலாவது பகுதியில் எழுதியிருக்கிறேன்.

கொக்கியை வைத்து நாலு வரிசை தைத்தேன். சதுரமும் குறுக்கே இரண்டு கோடும், நூறு கிலோவுக்கும் விடாது. கோணலாகத் தைத்திருக்கலாம், கைக்கு அது தெரியவில்லை. டாரில் பையைத் தோளில் மாட்டிக் கொக்கியைப் போட்டான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

நன்றி சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தான். வெளியே வெயில். எதிர் வெளிச்சத்தில் பின்னாலிருந்து பார்த்தபோது ஆள் தெரியவில்லை. தலைகூடத் தெரியவில்லை. பழுப்பு மட்டும் அசைந்து அசைந்து போயிற்று.

"டாரில்," என்று கூப்பிட்டேன்.

நின்று திரும்பிப் பார்த்தான்.

[இங்கே ஒரு வாக்கியம் வர வேண்டும். அதைத் தமிழில் எழுதிப் பயனில்லை.]